சித்தலிங்கையாவின் சிரிப்பு

கேள்வி: கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாறு சிரிக்க வைக்கிறதே, கோபம் எங்கே போயிற்று? (வாசகர், பெங்களூரு)

பதில்: எங்கும் போகவில்லை. 1975-இல் வந்த 'ஹொலெமாதிகர ஹாடு' கவிதைகளில் அதைக் கொட்டித் தீர்த்திருக்கிறார். பாவண்ணன் தமிழாக்கிய தன்வரலாறான 'ஊரும் சேரியும்' வேறு வேலையைச் செய்கிறது. அதில் ஒரு காட்சி: மாடுகளைப்போல இரண்டு பேரை நுகத்தடியில் பூட்டி ஒருவர் ஏர் ஓட்டுகிறார். வேடிக்கை பார்க்கும் சிறுவனுக்கு, பூட்டப்பட்டவர்களில் ஒருவர் தன் அப்பா என்று தெரிகிறது. அங்கேயும் எழுத்தாளர் அழவில்லை. அழுதிருந்தால் நாம் இரக்கப்பட்டுவிட்டு நகர்ந்திருப்போம். இரக்கப்படுகிறவர் எப்போதும் ஒரு படி மேலேதானே நிற்கிறார்! அந்தப் படியைத்தான் இவர் தர மறுக்கிறார். அவர் வகித்த சட்ட மேலவை உறுப்பினர் பதவி அவரை மழுக்கிவிட்டது என்பார்கள் சிலர். அவருடைய அரசியலைத் தாராளமாக விமர்சிக்கலாம், எனக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் அந்த ஏர்க் காட்சியைப் படித்தவர் யாரும் மழுங்கல் என்று சொல்லமாட்டார்.