வெற்றுக் கொள்கலனின் பயணம்

பினாங்குத் தீவின் தென்கிழக்கில், முன்பு நெல்வயல்களாக இருந்த இடத்தில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. 1972ஆம் ஆண்டில் அது தடையற்ற வாணிப வட்டாரமாகச் செயல்படத் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையைத் திறந்ததும் அதே ஆண்டில், அங்கேதான். இன்று கணினிச் சில்லுகள், மருத்துவக் கருவிகள், அளவைக் கருவிகள் எனப் பலவகைப் பொருள்கள் அங்கு உற்பத்தியாகின்றன.

இத்தொழிற்சாலைகளுக்குப் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. பொருள்கள் தீவில் உருவாகின்றன. அவற்றைக் கப்பலில் ஏற்றும் கொள்கலன் முனையமோ கடலுக்கு அப்பால், பெருநிலத்திலுள்ள பட்டர்வொர்த்தில் இருக்கிறது. சில்லுகளைப் பற்றிக் கவலையில்லை. அவை எடை குறைந்தவை, விலை மிகுந்தவை. அவற்றை விமானத்தில் அனுப்பலாம். விமான நிலையமும் அருகிலேயே உள்ளது. ஆனால், இயந்திரங்கள், பிளாஸ்டிக் மூலப்பொருள்கள், அட்டைப்பெட்டிகள் போன்றவை லாரியில்தான் போய்வர வேண்டும். 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்படும்வரை வாகனங்கள் ஃபெரியில் ஏறியே கடலைக் கடந்தன. 2014இல் பத்து மாவுங்கையும் பத்து காவானையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டது.

பாலத்தில் செல்லும் கொள்கலன் லாரியைக் கண்டால், அது சரக்கைச் சுமந்து செல்கிறது என்றே நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் அதனுள் காற்றைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.

ஏற்றுமதி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தீவிலுள்ள ஒரு தொழிற்சாலைக்கு 40 அடிக் கொள்கலன் ஒன்று தேவைப்படுகிறது. வெற்றுக் கொள்கலன்கள் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் அங்குச் சென்று ஒன்றைப் பெறுகிறார். அதனுள் நின்று கதவைச் சாத்திப் பார்ப்பார்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கு ஓட்டை இருக்கிறது. மழைநீர் புகும் என்று பொருள். நல்ல கொள்கலன் கிடைத்ததும் பாலத்தைக் கடந்து தொழிற்சாலைக்குக் கொண்டு செல்கிறார். சரக்கை ஏற்றிக் கதவுக்கு முத்திரையிடுகிறார்கள். பிறகு, லாரி மீண்டும் பாலத்தைக் கடந்து முனையத்துக்கு வருகிறது. ஆக, போகும்போது வெற்று, வரும்போது சரக்கு. இறக்குமதியில் இது தலைகீழ்: போகும்போது சரக்கு, வரும்போது வெற்று.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் ஒருவர் லாரி நிறுவன அலுவலகத்தில் இருக்கிறார். எந்த வண்டி, எந்த ஓட்டுநர், எந்த நேரத்தில், எங்குச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர். அவரை வண்டி அனுப்புநர் என்போம். ஓர் இறக்குமதியும் ஓர் ஏற்றுமதியும் தனித்தனியே நடந்தால் லாரி பாலத்தை நான்கு முறை கடக்கும்; அவற்றுள் இரண்டு வெற்றுப் பயணங்கள். இறக்குமதிச் சரக்கை இறக்கிய அதே கொள்கலனைப் பக்கத்துத் தொழிற்சாலையின் ஏற்றுமதிக்குப் பயன்படுத்த முடிந்தாலோ, இரண்டு முறை கடந்தால் போதும். வெற்றுப் பயணமே இல்லை. பாலத்தில் தீவுக்குச் செல்லும் திசையில் மட்டுமே டோல் வசூலிக்கப்படுவதால், இரண்டு கட்டணம் ஒன்றாகிறது. டீசலும் மிச்சம்.

கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும். ஆனால், இரண்டு சரக்குகளும் ஒரே கப்பல் நிறுவனத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். கொள்கலனின் அளவு பொருந்த வேண்டும். அது தூய்மையாகவும் இருக்க வேண்டும். கப்பல் நிறுவனமும் இசைவு தர வேண்டும். இத்தனையும் ஒரே நாளில் கூடிவருவது அரிது. கூடிவரும்போது அதைக் கண்டுகொள்பவரே திறமையான அனுப்புநர்.

அனுப்புநரின் திரையில் ஒவ்வொரு வண்டியும் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளி நகரவில்லை என்றால் வண்டி நிற்கிறது என்று தெரியும்; ஏன் நிற்கிறது என்று தெரியாது. பெரும்பாலும் ஓட்டுநர் தொழிற்சாலை வாயிலில் காத்திருப்பார். முதலில் வந்த வண்டிக்கு இன்னும் சரக்கேற்றி முடிந்திருக்காது. அல்லது சுங்கப் பத்திரத்தில் ஓர் எண் தவறியிருக்கும். இந்தக் காத்திருப்பைப் பற்றித் தொழிற்சாலைகள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஓட்டுநர்கள் பலருக்கு வருமானம் நடைக் கணக்கில்தான். ஒரு முறை சரக்கைக் கொண்டு சேர்ப்பது ஒரு நடை. மூன்று மணி நேரம் வாயிலில் நின்றாலும் அது அதே ஒரு நடைதான்.

கப்பலோ காத்திருக்காது. ஒவ்வொரு கப்பலுக்கும் கொள்கலனை ஏற்கும் இறுதி நேரம் ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் வரும்வரை சரக்கு முனையத்திலேயே கிடக்கும். ஹரி ராயா, சீனப் புத்தாண்டு போன்ற பெருநாள்களை ஒட்டிச் சில நாள்களுக்குக் கனரக வாகனங்கள் சாலையில் செல்லத் தடை விதிக்கப்படும். அதற்கு முந்தைய வாரத்தில் எல்லாத் தொழிற்சாலைகளும் ஒரே நேரத்தில் வண்டி கேட்கும்.

அத்தகைய ஒரு மாலையை எண்ணிப் பாருங்கள். இறுதி நேரம் இரவு பத்து மணி. அருகில் இருப்பதோ ஒரே ஒரு வண்டி. அதன் ஓட்டுநர் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்கியவர்.

"அண்ணே, இன்னும் ஒரு நடை போக முடியுமா?" என்று அனுப்புநர் கேட்கிறார்.

"போயிடலாம் தம்பி" என்கிறார் ஓட்டுநர்.

அவர் அப்படித்தான் சொல்வார். அந்த நடைக்கும் வருமானம் உண்டு. சரக்குடன் 30 டன்னுக்கும் மேல் எடையுள்ள வண்டி, பிரேக் போட்டதும் மகிழுந்தைப் போல் சட்டென்று நிற்காது. களைத்த ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி தாமதித்தால், அந்த நொடியில் வண்டி இருபது மீட்டர் ஓடியிருக்கும். எனவே, "முடியுமா?" என்று ஓட்டுநரைக் கேட்டு முடிவை அவரிடமே விட்டுவிடுவது முறையன்று. அவர் எத்தனை மணி நேரம் வேலை செய்திருக்கிறார் என்பது அனுப்புநரின் திரையிலேயே இருக்கிறது. வாடிக்கையாளரை அழைத்து, "இன்று வண்டி இல்லை" என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். சொல்வதற்குத் துணிவு வேண்டும். அதற்கு நிறுவனமும் துணைநிற்க வேண்டும்.

காத்திருப்பைக் குறைக்க வழிகள் உள்ளன. இழுவை வண்டியையும் கொள்கலனைத் தாங்கும் டிரெய்லரையும் தனித்தனியே கழற்றலாம். ஆகவே, டிரெய்லரைத் தொழிற்சாலையில் விட்டுவிட்டு, சரக்கேற்றி முடித்த வேறொன்றை ஓட்டுநர் இழுத்து வரலாம். இதற்குக் கூடுதல் டிரெய்லர்கள் வேண்டும். தொழிற்சாலையில் இடமும் வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்தி வைத்தால் லாரி நிறுவனங்கள் தொழிற்சாலையிடம் காத்திருப்புக் கட்டணம் கேட்பதும் உண்டு. அதில் ஓட்டுநருக்கு எவ்வளவு சேர்கிறது என்பது வேறு கேள்வி.

இப்போது பெருநிலத்தில், பத்து காவானிலும் பெரிய தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அங்கிருந்து முனையத்துக்குச் செல்லப் பாலத்தைக் கடக்க வேண்டியதில்லை. வாயிலில் காத்திருக்கும் வேலை மட்டும் அங்கும் இருக்கிறது.