தகவல் முறைமையும் தொழில் முயற்சியின் பிரிவுகளும்
(ஒரு பாற் சங்கத்தை வைத்து ஒரு பாடம்)

கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நலிந்து போகும்போது அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. மூலதனம் போதாது, சந்தை இல்லை, அங்கத்தவர்களின் ஆர்வம் குறைந்துவிட்டது என்பன அவற்றுட் சில. இவை உண்மையாக இருக்கலாம். ஆயினும் இவற்றின் பின்னால் மறைந்து நிற்கும் இன்னொரு காரணத்தை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்பது விற்பனையாளருக்குத் தெரிவதில்லை. வெளியில் எவ்வளவு பணம் வரவேண்டியிருக்கிறது என்பது தலைவருக்குத் தெரிவதில்லை. தமது பாலுக்கு ஏன் இந்த விலை என்பது அங்கத்தவருக்குத் தெரிவதில்லை. ஏடுகள் எல்லாம் அலுமாரியில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் எழுதப்பட்டவை வேண்டியவருக்கு வேண்டிய நேரத்திற் போய்ச் சேர்வதில்லை.

இக்குறையைத் தீர்க்கும் ஒழுங்கையே தகவல் முறைமை என்கிறோம். பெரிய கம்பனிகளுக்கு மட்டுமே உரிய விடயம் இது என்று எண்ணவேண்டியதில்லை. நூறு பேர் கொண்ட பாற் சங்கத்துக்கும் இது தேவை. எவ்வாறு என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தரவும் தகவலும்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்துகொள்ள வேண்டும். 47ஆம் இலக்க அங்கத்தவர் இன்று காலை 5 கிலோ பால் கொடுத்தார் என்று ஏட்டில் எழுதுகிறோம். இது தரவு. அதே அங்கத்தவரின் பால் பத்து நாட்களில் 5 கிலோவிலிருந்து 3 கிலோவாகக் குறைந்திருக்கிறது என்று அந்த ஏட்டைக் கூட்டிப் பார்த்து அறிகிறோம். இது தகவல். ஏனெனில், இதைக் கண்டவுடன் நாம் செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. மாட்டுக்கு நோயா, தீவனம் குறைவா, அல்லது பால் வேறொரு வியாபாரியிடம் போகிறதா என்று விசாரிக்க வேண்டும். தீர்மானம் ஒன்றுக்கு உதவும்படி ஒழுங்குபடுத்தப்பட்ட தரவே தகவல் ஆகும்.

தரவைச் சேகரித்தல், சரிபார்த்தல், கணித்தல், பாதுகாத்தல், அறிக்கையாக உரியவரிடம் சேர்த்தல் ஆகிய வேலைகளும், அவற்றைச் செய்யும் ஆட்களும், ஏடுகளும், கருவிகளும் சேர்ந்ததே தகவல் முறைமை. கணினி அதில் ஒரு கருவி மட்டுமே. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடை, ஒவ்வோர் அங்கத்தவரும் வாங்கிய பொருளின் பெறுமதிக்கேற்ப இலாபத்தைப் பகிர்ந்தளித்தது. யார் எவ்வளவு வாங்கினார் என்ற பதிவு இல்லாமல் அதைச் செய்திருக்க முடியாது. கணினி பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அந்தக் கடையில் ஒரு தகவல் முறைமை இயங்கியது எனலாம்.

ஆனந்தில் நடந்தது

இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், ஆனந்த் என்ற ஊரை நடுவாகக் கொண்டு எழுந்த ‘அமுல்’ பாற் கூட்டுறவைப் பலரும் அறிவர். அன்றைய கெய்ரா மாவட்டத்து விவசாயிகள் தங்கள் பாலைப் பம்பாய்ச் சந்தைக்காக வாங்கியவர்கள் கொடுத்த குறைந்த விலையை எதிர்த்து ஒன்றுசேர்ந்தார்கள். அவர்களது ஒன்றியம் 1946 டிசம்பர் 14ஆம் திகதி பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் பட்டேல் அதற்குத் தலைமை தாங்கினார். 1949இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன் அதன் முகாமைத்துவத்தைக் கட்டியெழுப்பினார். கிராமத்திற் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மாநிலத்திற் சம்மேளனம் என மூன்று படிகளாக அது வளர்ந்தது. மாநிலச் சம்மேளனம் 1973இல் அமைக்கப்பட்டது.

அங்கத்தவர்களின் நம்பிக்கையை எது காத்தது? பாலை நிறுத்து, அதன் கொழுப்பை எல்லோர் முன்னிலையிலும் சோதித்து, அதற்கேற்ற பணத்தை விரைவாகக் கொடுத்ததே அதன் அடிப்படை. 1990களில் அங்குள்ள கிராமச் சங்கங்களுக்கு இலத்திரனியல் தராசும், பால் சோதிக்கும் கருவியும், அவற்றோடு இணைந்த கணினியும் வரத் தொடங்கின. அங்கத்தவர் தமது அட்டையைக் கொடுக்கிறார், பாலை ஊற்றுகிறார். சிறிது நேரத்தில் நிறையும் கொழுப்பும் விலையும் அச்சிட்ட துண்டு கைக்கு வருகிறது. எழுத்தறிவு குறைந்தவர்கூட அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லலாம். எழுதுபவரின் தயவில் இருந்த கணக்கு அங்கத்தவரின் கைக்கு வந்தது. இதுதான் முக்கியமான மாற்றம்.

ஐந்து பிரிவுகள்

எந்தத் தொழில் முயற்சியிலும் கொள்வனவு, உற்பத்தி, சந்தைப்படுத்தல், நிதி, ஆளணி என்ற ஐந்து பிரிவுகள் உண்டு. சிறிய சங்கத்தில் இவ்வைந்தையும் மூன்று பேரே பார்க்கலாம். ஆனாலும் வேலைகள் ஐந்துதான். பால் சேகரித்துத் தயிரும் யோகட்டும் செய்து விற்கும் சங்கம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை.

1. கொள்வனவு. இருவர் ஆளுக்கு 5 கிலோ பால் தருகிறார்கள். ஒருவரின் பாலிற் கொழுப்பு நூற்றுக்கு 6, மற்றவரின் பாலில் நூற்றுக்கு 4. நிறையை மட்டும் பார்த்தால் இருவருக்கும் ஒரே பணம். அப்படியானால் நல்ல பால் தந்தவர் நட்டப்படுகிறார், தண்ணீர் கலப்பவர் இலாபமடைகிறார். கொழுப்பைக் கணக்கிட்டால் முதலாமவர் தந்தது 300 கிராம், இரண்டாமவர் தந்தது 200 கிராம். கிராமுக்கு 3 ரூபா எனக் கொண்டால், ஒருவருக்கு 900 ரூபாவும் மற்றவருக்கு 600 ரூபாவும் சேரவேண்டும். (கொழுப்பல்லாத திண்மங்களையும் சேர்த்துக் கணிக்கும் வழக்கமும் உண்டு.) சோதனை எண் சரியாக எழுதப்படாவிட்டால் இந்த நீதி கிடைக்காது.

2. உற்பத்தியும் களஞ்சியமும். யோகட்டுக்கு நாளொன்றுக்கு 12 கிலோ சீனி செலவாகிறது. கேட்டனுப்பிய சீனி வந்துசேர 4 நாட்கள் ஆகும். எனவே 48 கிலோ கட்டாயம் கையிருப்பில் இருக்கவேண்டும். லொறி தாமதித்தால் சமாளிக்க இன்னொரு நாளுக்கு 12 கிலோ. ஆகவே இருப்பு 60 கிலோவுக்கு இறங்கியதும் மீண்டும் கேட்டனுப்ப வேண்டும். இதனை மீள்கட்டளை மட்டம் என்பர். களஞ்சியத்தில் இருப்பு அட்டை தொங்கினால் இதனை அறியலாம். ஆனந்தில் பருவந்தோறும் பால் எவ்வளவு கூடிக் குறைகிறது என்ற கணக்கும் இத்தகையதே. குளிர்காலத்தில் எருமைப் பால் பெருகியது. கோடையில் குறைந்தது. மிகுதிப் பாலைப் பாற்பொடியாக மாற்றும் தொழிற்சாலையை 1955இல் அவர்கள் அமைத்ததற்கு இந்த ஏற்ற இறக்கம் பெருங் காரணமாயிற்று.

3. சந்தைப்படுத்தல். எந்தக் கடைக்கு எத்தனை தயிர்ச் சட்டி போயிற்று, எத்தனை விற்காமல் திரும்பி வந்தது, எந்த நாட்களிற் கூடுதலாக விற்றது ஆகிய மூன்றையும் தொடர்ந்து எழுதினால் போதும். வெள்ளிக்கிழமை திரும்பி வரும் சட்டிகள் அதிகமாயின், வியாழக்கிழமை குறைவாக உறைபோட வேண்டும். திருவிழாக் காலத்தில் எவ்வளவு கேள்வி இருக்கும் என்பதைச் சென்ற ஆண்டின் பதிவு சொல்லும். பதிவு இல்லாதபோது ஊகத்தில் உற்பத்தி செய்கிறோம். ஊகம் பிழைத்தால் பழுதாவது அங்கத்தவர்களின் உழைப்பு.

4. நிதி. நமது சங்கங்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நாளொன்றுக்கு 500 கிலோ பாலைக் கிலோ 150 ரூபாவாக வாங்கினால் ஒரு நாட் செலவு 75,000 ரூபா. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அங்கத்தவர்களுக்குப் பணம் கொடுப்பதானால் 11 இலட்சத்து 25 ஆயிரம் ரூபா கையில் இருக்கவேண்டும். ஆனால் சங்கத்திடம் வாங்கும் வியாபாரிகள் முப்பது நாட்களுக்குப் பிறகே பணம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் இலாபம் இருக்கிறது, பெட்டியிற் காசு இல்லை. பணம் ஒரு வாரம் பிந்தினால் ஏழை அங்கத்தவர் முதலில் விலகிப்போகிறார். ஏனெனில் அவரால் ஒரு வாரம் பொறுத்திருக்க முடியாது. அடுத்த மாதம் எந்தத் திகதியில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே காட்டும் காசுப்பாய்ச்சல் கூற்று இந்த ஆபத்தை வரமுன் தெரிவிக்கும். அப்போது வியாபாரியோடு பேசவோ வங்கியை நாடவோ நேரம் இருக்கும்.

5. ஆளணி. வேலையாட்களின் வரவு, லீவு, சம்பளம், ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தியது, பெற்ற பயிற்சி ஆகியவை பதியப்படவேண்டும். இதனால் வேலையாளின் உரிமை காக்கப்படுகிறது. அத்துடன் யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். பாலைச் சோதிப்பவரும், விலையை எழுதுபவரும், பணத்தைக் கொடுப்பவரும் ஒருவராகவே இருந்தால் அவர் எவ்வளவு நேர்மையானவராயினும் சந்தேகம் எழும். பொறுப்புகளைப் பிரிப்பது நல்லவருக்கும் பாதுகாப்பு.

ஒருமுறை எழுதினால் ஐந்து இடத்திற் பயன்

இவ்வைந்து பிரிவுகளும் தனித்தனியாக ஏடு வைத்திருந்தால் மட்டும் போதாது. காலையில் எழுதப்பட்ட பாற்கணக்கு ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதே எண் அங்கத்தவருக்குச் சேரவேண்டிய பணத்தைத் தீர்மானிக்கிறது. இன்று எத்தனை சட்டி உறைபோடலாம் என்று உற்பத்திக்குச் சொல்கிறது. நாளை எவ்வளவு விற்கவேண்டும் என்று சந்தைப்படுத்தலுக்குச் சொல்கிறது. எவ்வளவு பணம் தேவை என்று நிதிக்குச் சொல்கிறது. நாளை எத்தனை பேர் வேலைக்கு வேண்டும் என்றும் அறியச் செய்கிறது. ஒவ்வொரு பிரிவும் அதைத் தனியே எழுதினால் ஐந்து வெவ்வேறு எண்கள் உருவாகும். எது சரி என்ற வாக்குவாதம் பொதுக்கூட்டம் வரை போகும். ஒருமுறை சரியாக எழுதி, எல்லோரும் அதையே பயன்படுத்துவதே நல்ல தகவல் முறைமையின் இலக்கணம். கணினியின் பெரும் பயன் இங்கேதான் இருக்கிறது.

எல்லோருக்கும் எல்லா விபரமும் தேவையில்லை. எழுதுவினைஞருக்கு ஒவ்வொரு பற்றுச்சீட்டும் வேண்டும். முகாமையாளருக்கு வாரக் கூட்டுத்தொகையும், வழக்கத்துக்கு மாறானவையும் போதும். பணிப்பாளர் சபைக்கு மாதம் ஒரு பக்கத்தில் அடங்கும் ஒப்பீடு வேண்டும். நாற்பது பக்க அறிக்கையைக் கூட்டத்தில் வைத்தால் அதை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். அங்கத்தவருக்கோ தமது துண்டும், அறிவித்தற் பலகையில் சங்கத்தின் நிலையும் தெரியவேண்டும்.

சில எச்சரிக்கைகள்

முதலாவது, பிழையான எண்ணை உள்ளிட்டால் கணினி பிழையான விடையையே அழகாக அச்சிட்டுத் தரும். கணினித் தாளைக் கண்டதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடக் கூடாது. தராசையும் சோதனைக் கருவியையும் குறித்த காலத்தில் அங்கத்தவர் முன்னிலையில் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரத்தை நம்பி மட்டும் இருக்க முடியாது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் நீண்ட நேர மின்வெட்டுகள் வந்தபோது இதனை எல்லோரும் உணர்ந்தோம். மின்சாரம் இல்லாத வேளையில் எழுத ஓர் ஏடும், கணினியில் உள்ளவற்றின் பிரதி வேறோர் இடத்திலும் இருக்கவேண்டும்.

மூன்றாவது, அங்கத்தவரின் கடனும் வருமானமும் அவருடைய சொந்த விடயங்கள். அவை தேநீர்க் கடைப் பேச்சாகக் கூடாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய நோக்கத்துக்காகவே இயற்றப்பட்டது.

நான்காவது, முறைமையை அறிந்தவர் ஒருவர் மட்டுமே எனில் அவர் ஊரை விட்டுப் போகும் நாளில் சங்கமும் அவரோடு போய்விடும். குறைந்தது இருவரையாவது பயிற்றுவிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் இளம் பெண்ணாக இருப்பது நன்று. பால் கறப்பதும் மாட்டைப் பார்ப்பதும் பெரும்பாலும் பெண்களாக இருக்க, கணக்கு மட்டும் ஆண்களிடம் இருப்பது பல இடங்களில் நாம் காணும் குறை.

எங்கே தொடங்குவது?

கணினி வாங்குவதில் அல்ல, கேள்விகளைப் பட்டியலிடுவதிலேயே தொடங்கவேண்டும். ஒவ்வொரு பிரிவும் அடிக்கடி எடுக்கும் தீர்மானம் எது? அதற்கு எந்தத் தகவல் வேண்டும்? அதை யார், எப்போது எழுதுவார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின், தாளில் அதை மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். தாளில் ஒழுங்காக நடக்கும் முறையைக் கணினிக்கு மாற்றுவது இலகு. தாளிற் குழம்பிக் கிடப்பதைக் கணினிக்கு மாற்றினால் குழப்பமே விரைவாகப் பெருகும்.

நமது நாட்டில் 1911ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதற் கட்டளைச் சட்டம் வந்தது. அன்று முதல் எத்தனையோ சங்கங்கள் தோன்றின, பல மறைந்தன. தன் கணக்கைத் தானே பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய அங்கத்தவரே சங்கத்தின் உண்மையான உரிமையாளர். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவர உதவாத முறைமை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், நமக்குப் பயன்படாது.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் சங்கத்தில் ஒரே விபரம் எத்தனை ஏடுகளில் எழுதப்படுகிறது? அவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா?

2. சென்ற மாதம் எடுத்த ஒரு தீர்மானத்தைக் கூறுங்கள். அது தகவலை வைத்து எடுக்கப்பட்டதா, ஊகத்தை வைத்தா?

3. சாதாரண அங்கத்தவர் ஒருவர் தமக்குச் சேரவேண்டிய தொகையைத் தாமே சரிபார்க்க முடியுமா? முடியாதெனில் எதை மாற்றவேண்டும்?

4. செயலாளர் ஒரு மாதம் வராவிட்டால் கணக்கு நடக்குமா?