கடைக் கணக்கும் சூடேறும் ஹார்ட் டிஸ்க்கும்

நெல்லியடிச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை என்று வைத்துக்கொள்வோம். காசு மேசைக்கு அடியில் கணனி. பக்கத்தில், கள்வர் கண்ணில் படாதிருக்கப் பலகைப் பெட்டிக்குள் பூட்டிய சிசிடிவி பதிவுக் கருவி. கடன் கொடுத்த விபரம், சரக்கு இருப்பு, கமரா பதிவு யாவும் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அதற்குக் காற்றுப் போக வழி உண்டா என்று எத்தனை முதலாளிமார் பார்த்திருப்போம்?

ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டுகள் ஓயாமல் சுழல்கின்றன. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதலாவது டிஸ்க் நிமிடத்துக்கு 1,200 சுற்றுச் சுற்றியது. பின்னர் கடைக் கணனிகளில் 7,200 சுற்று வழமையாயிற்று. 2000ஆம் ஆண்டில் சீகேட் நிறுவனம் 15,000 சுற்று டிஸ்க்கைக் கொண்டுவந்தது.

வேகம் கூடினால் வேலை விரைவாகும். ஆனால் சூடும் கூடும். சுழலும் தட்டு உள்ளே இருக்கும் காற்றோடு உராய்கிறது. வேகம் இரட்டித்தால் அந்த உராய்வுக்குச் செலவாகும் மின்சக்தி இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ எட்டு மடங்காகும். அதனாலேயே அதிவேக டிஸ்க்குகளில் சிறிய தட்டுகளைப் பொருத்தினார்கள்.

விசிறி பூட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். விசிறி சூட்டை வெளியேற்றுமே தவிர, அறையை விடக் குளிர்ச்சியாக்காது. கடைக்குள் 34 பாகை செல்சியஸ் என்றால் டிஸ்க் அதற்கு மேலேதான் நிற்கும். பல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் விதிக்கும் எல்லை 60 பாகை. மூடிய பெட்டிக்குள் அந்த எல்லை தூரமில்லை.

செய்ய வேண்டியவை இவை:

1. பெட்டியின் கீழும் மேலும் காற்றுத் துளை இடுங்கள். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள்.

2. சோளகம் வீசும் மாதங்களில் விசிறியில் படியும் தூசியை மாதம் ஒருமுறை தட்டுங்கள்.

3. டிஸ்க்கின் மூடியிலுள்ள சிறு துளையை ஸ்டிக்கரால் மறைக்காதீர்கள்.

4. கமராவுக்கு அதிவேக டிஸ்க் தேவையில்லை. கண்காணிப்புக்கென்றே விற்கும் வேகம் குறைந்ததை வாங்குங்கள்.

5. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் கணனி டிஸ்க்கின் வெப்பநிலையைப் பாருங்கள். 45 பாகைக்கு மேல் நிரந்தரமாக நின்றால் கவனியுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கூகுள் நிறுவனம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவின்படி, சூடு மட்டுமே டிஸ்க்கைக் கொல்வதில்லை. மிதமான வெப்பத்தில் இருந்தவையும் பழுதாயின. மிகுந்த சூடு பெரிதும் பாதித்தது மூன்று வருடம் கடந்த பழைய டிஸ்க்குகளையே.

ஆகவே காற்றோட்டம் ஆயுளைக் கூட்டலாம், உத்தரவாதம் தராது. டிஸ்க் போனால் இன்னொன்று வாங்கலாம். யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கிழமைக்கு ஒருமுறை ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.