கொச்சி வழி லட்சத்தீவு: டிக்கெட் எடுக்கும் முன்

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடற்கரையில் உலவிய படங்கள் வந்தாலும் வந்தன, 'அடுத்த லீவுக்கு அகத்தி' என்ற பேச்சு நம் குடும்ப வாட்ஸப் குழுக்களில் இன்னும் ஓயவில்லை. அங்கே விமானம் இறங்கும் தீவான அகத்திக்கு அதுவரை பல ஆண்டுகள் கொச்சியிலிருந்து அலையன்ஸ் ஏர்தான் கதி. அந்த ஆண்டே ஃப்ளை91, இண்டிகோ இரண்டும் அகத்திக்குப் பறக்க ஆரம்பித்தன. கம்பெனிகள் கூடியதும் கட்டணத்தை ஒப்பிடவும் உட்கார்ந்துவிட்டோம். அந்த ஒப்பீட்டில் சில தவறான நம்பிக்கைகள் கலந்திருக்கின்றன.

நம்பிக்கை: பெரிய கம்பெனியில் எடுத்தால் பெரிய விமானம்.

உண்மை: அகத்தியில் அதை முடிவு செய்வது ஓடுபாதை. நீளம் சுமார் 1,200 மீட்டர்தான். மாலத்தீவின் மாலேயில் 3,400 மீட்டர். ஏர்பஸ், போயிங் எதுவும் அகத்தியில் இறங்க முடியாது. டிக்கெட்டை யார் விற்றாலும் நீங்கள் ஏறப்போவது எழுபது, எண்பது பேர் உட்காரும் ஏடிஆர். பாதை குட்டை என்பதால் எடைக் கணக்கும் கறார். ஆகவே முதலில் கேட்க வேண்டியது பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதைத்தான்.

நம்பிக்கை: உள்நாட்டுப் பயணம்தானே, ஆதார் போதும்.

உண்மை: போதாது. 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவுக்காரர் அல்லாத இந்தியரும் நுழைவு அனுமதி வாங்கியே போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வெளிநாடான மாலத்தீவில் இந்தியர்களுக்கு இறங்கியதும் இலவச விசா கிடைக்கிறது! அனுமதி கைக்கு வரும் முன் 'ரீஃபண்ட் இல்லை' என்ற மலிவு டிக்கெட்டை எடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட டிக்கெட்டிலும் வரிகளையும் விமான நிலையப் பயனாளர் கட்டணத்தையும் கம்பெனி திருப்பித் தந்தாக வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பலர் கேட்பதே இல்லை.

நம்பிக்கை: அலையன்ஸ் ஏரும் ஏர் இந்தியாவும் ஒன்றுதான், சென்னை விமானம் தாமதமானால் அகத்தி விமானத்தை அவர்களே மாற்றித் தருவார்கள்.

உண்மை: 2022இல் ஏர் இந்தியா டாடாவுக்குப் போனது, அலையன்ஸ் ஏர் அரசிடமே தங்கிவிட்டது. இரண்டும் இன்று வேறு வேறு. எந்தக் கம்பெனிகளானாலும் தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட்டுகளுக்கு நடுவே நஷ்டம் உங்களுடையதுதான். பெட்டியையும் கொச்சியில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு விமானங்களைக் கோத்து வைப்பது, என்னைக் கேட்டால், சூதாட்டம். முந்தின நாளே கொச்சி போய்ச் சேருங்கள்.

நம்பிக்கை: அப்படியானால் மட்டாஞ்சேரியில் தங்கலாம், விமான நிலையம் பக்கத்தில்தானே.

உண்மை: 1999 வரை பக்கத்தில்தான் இருந்தது. மட்டாஞ்சேரிக் கால்வாய்க்கு அக்கரையில், துறைமுகத்தைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பிய வெலிங்டன் தீவில், கடற்படைத் தளத்திலிருந்துதான் பயணிகள் விமானங்களும் பறந்தன. இப்போதைய நிலையம் நெடும்பாசேரியில். சாலை வழியே ஏறக்குறைய 40 கிலோமீட்டர், காலை நெரிசல் தனி. 2018 வெள்ளத்தில் நெடும்பாசேரி மூழ்கியபோது சில நாட்கள் அந்தப் பழைய தளத்தில் பயணிகள் விமானங்கள் மீண்டும் இறங்கின. மட்டாஞ்சேரியில் யூதர் தெருவும் டச்சு அரண்மனையும் மிளகு, சுக்கு மணக்கும் கடைவீதியும் ஒரு பகலுக்குத் தாராளம். ராத்திரி மட்டும் ஆலுவா, அங்கமாலிப் பக்கம் அறை எடுப்பது நல்லது.

மட்டாஞ்சேரியிலிருந்து உண்மையிலேயே பக்கம் எது என்றால், கப்பல். லட்சத்தீவுப் பயணிகள் கப்பல்கள் வெலிங்டன் தீவிலிருந்துதான் புறப்படுகின்றன. விமானத்தில் ஒன்றரை மணி நேரம் என்றால் இதில் 14 மணி நேரத்துக்கு மேல். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கும் மேற்படிப்புக்கும் கொச்சி வந்து திரும்பும் தீவு மக்களின் கப்பல் அது. லீவு நாட்களில் நமக்கு இடம் கிடைக்கவில்லையே என்று கவுன்டரில் சத்தம் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வரிசையில் நிற்கலாம்.