ப்ராசஸர் மாற்றியும் லேப்டாப் மந்தமா? கடைக்காரர்கள் அறிய வேண்டியவை



தை பிறந்துவிட்டால் ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் உளுந்தும் பாசியும், அதன் பின்னே மிளகாய் வற்றலும் களத்திலிருந்து கடைக்கு வரத் தொடங்கும். பில்லும் இ-வே பில்லும் கைக்கு வந்தால்தான் லாரி நகரும். அந்த நேரத்தில் லேப்டாப் திணறினால் டிரைவரும் காத்திருக்கிறார், சுமைதூக்குவோரும் காத்திருக்கிறார்கள். வெயிட்டிங் கூலி நம் கணக்கில் ஏறுகிறது.

இதற்குத் தீர்வாக, "புது லேப்டாப் எதற்கு? ப்ராசஸரை மட்டும் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம்" என்று யோசனை சொல்கிறார்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய ப்ராசஸர்கள் கிடைக்கவும் செய்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு, "முன்னைவிட மெதுவாக ஓடுகிறதே!" என்ற புலம்பலும் உண்டு. காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்வது எப்படி நடக்கிறது? அதைச் சரிசெய்வது எப்படி? இரண்டையும் பார்ப்போம்.

பெரிய ப்ராசஸர் ஏன் மெதுவாகிறது?

ஓர் உதாரணம். கோர் ஐ3-3110எம் என்ற ப்ராசஸர் 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம், 35 வாட் வெப்ப அளவு கொண்டது. அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-3610கியூஎம் நான்கு கோர்கள் உடையது. தேவைப்படும்போது 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். ஆனால் அதன் வெப்ப அளவு 45 வாட். லேப்டாப்பின் விசிறியும் செம்புக் குழாயும் 35 வாட்டுக்கென்று செய்யப்பட்டவையாக இருந்தால், மிச்சச் சூடு வெளியேற வழியில்லை. சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியதும், ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 1.2 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டால் பழைய ஐ3-ஐ விடவும் மந்தம்தான். வண்டிக்குப் பெரிய மாடு பூட்டினாலும் அச்சில் மசகு இல்லாவிட்டால் வண்டி ஓடுமா?

இது பழைய பொருளுக்கு மட்டும் வரும் வியாதி அல்ல. 2018 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ப்ரோ லேப்டாப்பை ஐ9 ப்ராசஸருடன் வெளியிட்டது. ஒரு வீடியோ வேலையில் அது முந்தைய ஆண்டின் ஐ7 மாடலைவிடப் பின்தங்கியதை ஒரு சோதனையாளர் காட்டினார். அதே லேப்டாப்பை ஃப்ரீசருக்குள் வைத்து ஓட்டியபோது, சுமார் 39 நிமிடம் எடுத்த வேலை 27 நிமிடத்தில் முடிந்தது! சூட்டைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் குறை இருந்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அதே மாதம் 24-ஆம் தேதி திருத்தம் வெளியிட்டது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அப்படியென்றால், மாவும் மல்லித்தூளும் உளுந்தம்பொட்டும் பறக்கும் நம் கடைகளில் சொல்ல வேண்டுமா? ஆடிக் காற்றில் வரும் கரிசல் புழுதியும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

வரிசையாகச் சோதிக்கும் முறை

1. வேகத்தைப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சி.பி.யு. வேகம் தெரியும். லேப்டாப் சும்மா இருக்கும்போது வேகம் குறைவாகக் காட்டுவது இயல்பே. ஆண்டுக் கணக்கு அறிக்கை போன்ற கனமான வேலையைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் அடிப்படை வேகத்துக்குக் கீழேயே நின்றால் கோளாறு உண்டு.

2. சூட்டைப் பாருங்கள். வெப்பம் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. வேலை தொடங்கிய சில நிமிடங்களில் 95, 100 டிகிரிக்கு ஏறி, உடனே வேகம் விழுந்தால் காரணம் சூடுதான். விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே தூசி பஞ்சு போல் அடைத்திருக்கும். அதை நீக்க வேண்டும். ப்ராசஸர் மீதிருந்த பழைய பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதிய தெர்மல் பேஸ்ட் ஒரு பாசிப்பயறு அளவு வைத்தால் போதும். அள்ளி அப்பினால் நன்மை இல்லை. தகட்டின் திருகுகளை, அதில் பொறித்துள்ள எண் வரிசைப்படி சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கி நின்றால் சூடு இறங்காது. லேப்டாப்பை அரிசி மூடை மீதோ துணி மீதோ வைத்தால் அடிப்பக்கக் காற்றுவழி அடைபடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

3. அடாப்டரைப் பாருங்கள். 65 வாட் அடாப்டர் சின்ன ப்ராசஸருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். பெரியதற்கு 90 வாட் தேவைப்படலாம். சில மாடல்களில் அடாப்டரை லேப்டாப் அடையாளம் காணாவிட்டாலோ, பேட்டரி செத்திருந்தாலோ, ப்ராசஸர் மிகக் குறைந்த வேகத்திலேயே கட்டுண்டு கிடக்கும்.

4. அமைப்புகளைப் பாருங்கள். பவர் ஆப்ஷன்ஸில் "மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்" 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். லேப்டாப்பின் பயாஸ் புதிய ப்ராசஸரை அறிந்ததாகவும் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு எந்தெந்த ப்ராசஸரை அனுமதித்திருக்கிறார் என்று பார்த்து, தேவையானால் பயாஸைப் புதுப்பிக்கலாம். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் போர்டே செத்துவிடக் கூடும். எனவே பேட்டரியில் போதிய சார்ஜ் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

5. குற்றவாளி வேறு யாராவதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நின்றால், தடை ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. நினைவகம் 90 சதவீதத்தைத் தாண்டி நிறைந்திருந்தால், லேப்டாப் அடிக்கடி டிஸ்கைத் தேடி ஓடும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கடைப்பையன் கிட்டங்கிக்கு ஓடுவது போன்றது அது. இந்த இரண்டுக்கும் ப்ராசஸர் மருந்தாகாது. ஜி.எஸ்.டி. தளம் மட்டும் தாமதம், டேலி வேகமாகவே ஓடுகிறது என்றால் இணைய இணைப்பைச் சோதியுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் மாற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

செலவு செய்யுமுன்

மேலே சொன்ன சோதனைகளை ப்ராசஸர் மாற்றுவதற்கு முன்பே செய்திருந்தால், பலருக்கு மாற்றும் அவசியமே வந்திருக்காது. பில் போடுவதும் சரக்கு இருப்புப் பார்ப்பதும் ப்ராசஸரைப் பெரிதாக வருத்தும் வேலைகள் அல்ல. சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதும், 4 ஜி.பி. நினைவகத்தை 8 ஆக்குவதும்தான் நம் வேலைக்குக் கண்ணுக்குத் தெரியும் பலன் தருபவை.

எல்லா லேப்டாப்பிலும் ப்ராசஸரை மாற்ற முடியாது என்பதையும் அறிக. இன்டெல் கோர் வரிசையில் மாடல் எண்ணின் கடைசியில் "யு" இருந்தால் அது போர்டோடு பற்றவைக்கப்பட்டது. 2015-இல் பரவிய ஐந்தாம் தலைமுறையிலிருந்து, லேப்டாப்புக்கென்றே வரும் கோர் ப்ராசஸர்கள் எல்லாமே பற்றவைத்தவைதான். ஆக, கழற்றி மாற்றக்கூடியவை நான்காம் தலைமுறைக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் உரியவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் ப்ராசஸரானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. பழைய சாக்கெட்டில் எவ்வளவு பெரிய ப்ராசஸரைப் போட்டாலும் அந்தத் தகுதி வராது. கணக்கும் பேங்க் வேலையும் பார்க்கும் லேப்டாப்புக்குப் பாதுகாப்பு முக்கியம் அல்லவா?

ஆகவே மெக்கானிக்கிடம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மாடலுக்கு இந்த ப்ராசஸரைத் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா? விசிறியும் அடாப்டரும் அதைத் தாங்குமா? வேகம் வராவிட்டால் பழையதை மாட்டித் தருவீர்களா? பதில் திருப்தியாக இருந்தால் மட்டும் கொடுங்கள். கழற்றிய பழைய ப்ராசஸரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் டேலி கணக்குகளைப் பென் டிரைவில் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். லேப்டாப் போனால் வேறொன்று வாங்கலாம். கடன் பாக்கிக் கணக்கு போனால் யாரிடம் போய்க் கேட்பது?

சரக்கு வாங்கும்போது சாக்கைக் குத்தி மாதிரி பார்த்து, எடை போட்டு, பிறகுதான் விலை பேசுகிறோம். லேப்டாப்புக்குச் செலவழிக்கும்போதும் அதே வழக்கத்தைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.