எங்கே சாரி, எங்கே எக்ஸ்கியூஸ் மீ?

காலாப்பட்டில் உள்ள, 1985-இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பல மாநிலப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களோடு பேச ஆங்கிலம்தான் கைகொடுக்கும். ஈசிஆர் பேருந்து நெரிசலில் இறங்க வழி கேட்கும்போது நம் வாயில் முதலில் வருவது ‘சாரி’. அங்கே வேண்டியது ‘எக்ஸ்கியூஸ் மீ’. இடிக்கும் முன் எக்ஸ்கியூஸ் மீ, காலை மிதித்த பின் சாரி.

அதே சாரியைக் குரல் உயர்த்திக் கேள்வியாகச் சொன்னால், ‘என்ன சொன்னீங்க?’ என்று பொருள். ‘பார்டன்?’ என்பதும் அதுவே. புதுவைப் பெரியவர்களின் பிரெஞ்சு ‘பர்தோன்’ இதற்கு நெருங்கிய சொந்தம். வழி கேட்கவும் மன்னிப்புக் கேட்கவும் அது ஒன்றே போதும்.

துக்க வீட்டில் ‘ஐ ஆம் சாரி’ என்றால் வருத்தம் மட்டுமே. ‘பரவாயில்லை, நீங்க என்ன பண்ணுவீங்க’ என்று பதில் சொல்லிவிடாதீர்கள்!

ஆய்வேடு தாமதமா? பேராசிரியருக்கு, ‘ஐ அப்பாலஜைஸ் ஃபார் த டிலே’ என்று எழுதுங்கள். ‘ஐ ஆம் அப்பாலஜி’ என்றால் நீங்களே மன்னிப்பாகிவிடுவீர்கள். ‘அப்பாலஜி’யின் கிரேக்க மூலமான ‘அப்போலோகியா’வுக்குத் தன் தரப்பு வாதம் என்று பொருள். பிளேட்டோவின் அந்தப் பெயர் கொண்ட நூலில் சாக்ரடீஸ் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நாமும் சாரிக்குப் பின்னால் ஒரு ‘பட்’ போட்டால் வாதம்தான்.

அலுவலகக் கடிதம் ‘வி ரிக்ரெட்’ என்று தொடங்கினால் மடித்து வைத்துவிடலாம். கேட்டது கிடைக்கவில்லை.