மிதியச்சிற் பூட்டும் பல்லிணை

ஊவா மலைநாட்டிற் சமதரை அரிதாகக் கிடைக்கும் பொருள். பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலிருக்க, பண்டாரவளை 1230 மீற்றரளவிலும், அப்புத்தளை 1430 மீற்றரளவிலும் அமைந்துள்ளன. தோட்டப் பாதைகளோ இவற்றினுஞ் செங்குத்தானவை. ஆதலின், யாழ்ப்பாணத்து மாணாக்கனைத் துவிச்சக்கரவண்டி சுமந்து செல்ல, எம் மலைநாட்டு மாணாக்கனோ பாதிவழி அதனைத் தள்ளிச் செல்கின்றான். இந்நிலை மாறும் வழியொன்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் குறை யாதெனக் காண்போம். வழக்கமான பெரிய வண்டியில் முன் பற்சில்லுக்கு 44 பற்களும், பின் பற்சில்லுக்கு 18 பற்களும் உண்டு. 28 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீற்றர். எனவே, மிதி ஒருமுறை சுற்ற வண்டி 5.4 மீற்றர் செல்லும். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் எனக் கொள்வோம். பத்துக்கு ஒன்றாய் உயரும் பாதையில், உராய்வை நீக்கிப் பார்த்தாலும், மிதியின்மேல் சராசரி 45 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை இடைவிடாது வேண்டும். இதனை எவர் நெடுந்தூரம் தாங்குவர்? பிழை காலின் வலிமையிலன்று, விகிதத்திலேயாம்.

இவ்விகிதத்தின் உண்மையைத் தெமோதரையிற் கண்ணாரக் காணலாம். 1924ஆம் ஆண்டிற் பதுளையை அடைந்த புகையிரதப் பாதை, அங்கே மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாகச் செல்கின்றது. தூரத்தை நீட்டி, ஏற்றத்தின் கடுமையைக் குறைத்தனர் பொறியியலாளர். பல்லிணை செய்வதும் இதுவே. அது வேலையைக் குறைப்பதில்லை. பல சுற்றுகளுக்குப் பகிர்ந்து தருகின்றது.

மிதியச்சிலேயே பல்லிணையை அமைக்கும் முறை புதியதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சன்பீம் வண்டிகளில் இரு வேகப் பல்லிணை அவ்விடத்தில் இருந்தது. பின்னாளிற் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த புளோரியன் சுலும்ப் வடித்த 'மவுண்டன் டிரைவ்' என்னுங் கருவி, மிதி இரண்டரை முறை சுற்ற முன் பற்சில்லை ஒருமுறை சுற்றுவிப்பது. மிதியச்சின் நடுவிலுள்ள பொத்தானைக் குதிகாலால் அழுத்தி வேகத்தை மாற்றலாம். மேற்கூறிய கணக்கின்படி 45 கிலோகிராம் 18 ஆகும். 100 மீற்றருக்கு 19 சுற்றுப் போதுமாயிருந்த இடத்தில் 46 சுற்று வேண்டும்.

இதனுள்ளே நடுவிற் சூரியச் சில்லும், அதனைச் சூழக் கோட்சில்லுகளும், புறத்தே உட்பல் வளையமும் உள்ளன. இத்தகைய பெயர் வழக்கு, 1781இல் ஜேம்ஸ் வாற் உரிமம் பெற்ற 'சூரியனுங் கோளும்' என்னும் பொறியமைப்பிலேயே உண்டு. சூரியச் சில்லைப் போல் ஒன்றரை மடங்கு பற்கள் வளையத்துக்கு இருப்பின், வளையத்தை அசையாது நிறுத்திச் சூரியச் சில்லைச் சுற்றும்போது கோள்களைத் தாங்குஞ் சட்டம் இரண்டரையில் ஒரு பங்கு வேகத்திற் சுழலும். ஈண்டு மாணாக்கர் ஊன்றி நோக்க வேண்டியது, அசையாது நிற்கும் உறுப்பே. மிதியின் முறுக்கத்தைப் போல் ஒன்றரை மடங்கு முறுக்கம் அதன்மேல் வந்து, அதனைப் பின்னோக்கித் திருப்ப முயலும். அது வழுவினாற் பல்லிணை பயனற்றது.

ஆகவே, வீட்டிற் பூட்டுவோர் கருத்துச் செலுத்த வேண்டியது இப்பிடிப்பிலேயாம். முதலில் மிதியச்சுக் குழாயின் அகலத்தையும் உள்விட்டத்தையும் அளந்து, கருவிக்குப் பொருந்துமா எனத் தெளிக. பழைய வண்டிகளில் இவ்வளவுகள் வேறுபடும். பின்னர்க் கொட்டர் ஆணிகளைக் கழற்றி, மிதித்தண்டுகளையும் அச்சையுங் குண்டுகளையும் நீக்குக. குழாயின் இரு வாய்களையும் உட்புறமாக 45 பாகை சாய்வாகச் சீவுதல் வேண்டும். இதற்கெனவுள்ள வெட்டுங் கருவியையே எண்ணெயிட்டுக் கையாள்க. அரத்தால் அராவினாற் சாய்வு கோணும். இரும்புத் தூளைத் துடைத்தபின், பல்லிணையைச் சங்கிலிப் பக்கமாகச் செலுத்தி, இடப்புறக் கூம்பு வளையத்தைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்குக. உறையையும் சட்டத்தையும் ஊடறுத்து ஒரு வண்ணக்கோடு இடுவது நன்று. சில நாள் ஓடியபின் அக்கோடு இரண்டாகப் பிரிந்திருப்பின், பிடிப்பு நழுவிற்றென அறிந்து உடனே மீள இறுக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகளும் உள. தாழ்ந்த வேகத்தில், அதே மிதிவிசைக்குச் சங்கிலியின் இழுவை இரண்டரை மடங்காகும். ஆதலின், தேய்ந்த சங்கிலியை மாற்றிப் பின்சில்லின் சுரைகளை நன்கு இறுக்குக. அதனினும் பெரிது, ஏறியவர் இறங்கவேண்டும் என்பது. மழையில் நனைந்த சில்லிற் கம்பித் தடுப்பின் பிடி தளரும். எனவே, பல்லிணை பூட்டுமுன் தடுப்புக்கட்டைகளைப் புதுப்பித்தல் கடமையாம். ஏற்றத்தில் தவறினாற் களைப்பு. இறக்கத்தில் தவறினால் உயிரிழப்பு.

இக்கருவி விலை மிக்கது. அதனை வாங்க இயலாதோர், பின் பற்சில்லை 22 பற்களுடையதாக மாற்றி, சங்கிலியின் நீளத்தைச் சரிசெய்தாலே மிதிவிசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். செலவு சிறிது, கணக்கோ ஒன்றே.

லயன் வீட்டிலிருந்து பாடசாலைக்கு மலையேறி வரும் பிள்ளைக்கு இக்கணக்கு வெறும் பாடமன்று. வகுப்பிற் களைப்பின்றி வந்தமருதற்குத் துணையாவது. பழைய மாணவரே, தொழிலறிவும் பொருளும் உடையீர்! எம் பாடசாலைகளின் தொழிற்கூடங்களுக்கு ஒரு வெட்டுங் கருவியையும் நல்ல சாவிகளையும் அளிப்பீராயின், இளைஞர் தம் கையாலேயே தம் வண்டியைத் திருத்திக்கொள்வர். மலையைத் தாழ்த்த எம்மால் இயலாது. விகிதத்தை மாற்ற இயலும்.